கப்பலில் வந்த சம்பந்தி

சபீனோவின் ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் செல்போன். செல்போனில் சம்பந்தி வீட்டாரின் படம் இருந்தது. படம் நிறையப் பனி இருந்தது, இரண்டு கம்பளிக் குல்லாய்கள் இருந்தன, குல்லாய்க்கும் மப்ளருக்கும் நடுவே ஆளுக்கொரு மூக்கு இருந்தது. மனிதர்கள் என்று அடையாளம் சொல்ல வேறொன்றும் அகப்படவில்லை.

இத்தாலியின் பாரி துறைமுகத்து வாசல் வழியாகக் கப்பலில் வந்த கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வெள்ளைத் தலை, எல்லோருக்கும் அரைக்கால் சட்டை. மூக்கில்லாமல் யாரும் வரவில்லை.

சபீனோ இதே துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவர். இன்று லீவு போட்டுவிட்டு, தம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை வயிற்றுக்கு மேல் இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றார். மகள் ரொஸெல்லா வடக்கே பொலோனியா நகரில் நர்ஸ். ஹென்ரிக் என்ற நார்வே பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பையனின் அப்பாவும் அம்மாவும் கப்பல் பயணம் கிளம்பியிருந்தார்கள். கப்பல் பாரியில் ஒரு பகல் நிற்கும், அதற்குள் பெண் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு மனம் நிறைந்து கப்பலேறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் இருந்து மொழிபெயர்க்க ரொஸெல்லாவும் ஹென்ரிக்கும் காலை ரயிலில் வந்திருக்க வேண்டும். ரயில்காரர்கள் திடீரென்று வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். ரயில் எங்கேயோ தக்காளி வயலுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

“நீயே போய்க் கூட்டிட்டு வந்துடுப்பா. ஒரு அட்டையில பேர் எழுதிப் பிடிச்சுக்கோ,” என்று போனில் சொன்னாள் ரொஸெல்லா.

“சம்பந்திக்கு அட்டை பிடிக்க நான் என்ன ஓட்டல் டிரைவரா? பார்த்ததும் தெரியாதா எனக்கு?”

அந்த வீறாப்பெல்லாம் வாசலுக்கு வந்ததும் வடிந்துவிட்டது. மூக்கு மூக்காக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெடுநெடுவென்று ஒரு மனிதரும், தொப்பி போட்ட ஓர் அம்மாளும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்று, தங்களை யாராவது கூப்பிடுவார்களா என்று நாலு பக்கமும் பார்ப்பது தெரிந்தது. அம்மாளின் மூக்கு படத்தில் இருந்த மூக்கேதான். சபீனோ பாய்ந்து போய்ப் பூங்கொத்தை நீட்டி, இரண்டு பேருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அவர்கள் முதலில் மிரண்டார்கள். பிறகு அம்மாளின் முகம் மலர்ந்தது. “லஞ்ச்?” என்று கேட்டாள்.

“லஞ்ச், லஞ்ச்,” என்றார் சபீனோ. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அதோடு முடிந்தது.

பழைய ஊருக்குள் சந்துகளில் நடந்து வரும்போதே சம்பந்தியம்மாள் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாசலில் பலகை போட்டுக் காது வடிவத்தில் பாஸ்தா உருட்டும் பெண்களை எடுத்தாள், பூனையை எடுத்தாள். சபீனோ வீட்டு வாசலுக்கு வந்ததும் தலைக்கு மேலே கொடியில் காய்ந்த துணிகளை அண்ணாந்து பார்த்து எடுத்தாள். கொடியில் இருந்தவை பெரும்பாலும் சபீனோவின் உள்ளாடைகள்.

“துணியை எடுங்கன்னு காலையிலேயே சொன்னேனா இல்லையா?” மனைவி தொனாத்தா சிரித்த முகத்தை மாற்றாமல் பல்லுக்குள் பேசினாள். “சம்பந்தியம்மா முதன்முதல்ல வீட்டுக்கு வர்றாங்க. முதல்ல பார்க்கிறது உங்க டிராயரை.”

“இதோ எடுத்துடறேன்.”

அவர் நாற்காலி மேல் ஏறி அவசரமாகத் துணிகளை உருவினார். சம்பந்தியம்மாள் பதறிப்போய், இருக்கட்டும் இருக்கட்டும் என்று கையைக் காட்டினாள். திரும்பக் காயப்போடும் வரை விடவில்லை. அவரே தம் டிராயரை ஒவ்வொன்றாக மாட்ட, அவள் அதையும் படம் எடுத்தாள்.

“நார்வேயில வெயில் கம்மி. துணி காயறதைப் பார்த்திருக்க மாட்டாங்க,” என்றார் சபீனோ.

“வாயை மூடிக்கிட்டு உள்ள வாங்க.”

உள்ளே வந்ததும் சம்பந்தியம்மாள் உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து முகர்ந்தாள். தொனாத்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண் எடுக்க வந்தவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், சரி. குழம்புச் சட்டிக்குள் தலையை விடுவார்களா?

மேஜையில் பிசைந்து வைத்த மாவைக் கண்டதும் அம்மாள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதன்மேல் பாய்ந்தாள். தொனாத்தா மாவைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மாள் மறுபடி கையை நீட்டினாள். தொனாத்தா மாவைத் தூக்கிப் பீரோவின் மேல் வைத்துவிட்டாள்.

“அவங்க ஆசைப்படறாங்க. உருட்டிட்டுப் போகட்டுமே,” என்றார் சபீனோ.

“இது என்ன அடுத்த வீட்டு மிம்மா வீடா? கப்பல்ல வர்ற டூரிஸ்டுங்களை உட்கார வச்சு, அவங்க கையாலயே மாவு உருட்டவிட்டு, அதுக்குக் காசும் வாங்கிக்க? சம்பந்தியம்மாவை வேலை வாங்கினான்னு நாளைக்கு இந்தச் சந்தே காறித் துப்பும்.”

அம்மாளின் முகம் தொங்கிப்போயிற்று. கடிகாரத்தைக் காட்டிக் கணவரிடம் என்னவோ முணுமுணுத்தாள். கோபம் வந்த சம்பந்திக்கு எங்கள் ஊரில் ஒரே மருந்துதான் உண்டு. சபீனோ சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

பச்சையாகவே நறுக்கிய பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், வந்தது. சம்பந்தி ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் கோக்க உட்கார்ந்திருந்தார்.

“பிடிச்சுப்போச்சு. கண்ணு கலங்குது பார்,” என்று சபீனோ தட்டை மறுபடி நிரப்பினார்.

அடுத்து அரிசியும் உருளைக்கிழங்கும் சிப்பியும் அடுக்கிச் சுட்ட சட்டி வந்தது, பாஸ்தா வந்தது. பேய்க்கணவாயை உள்ளே தள்ளுவதற்காகச் சம்பந்தி ஒயினைக் குடித்தார், குடிக்கக் குடிக்க சபீனோ ஊற்றினார். மூன்றாவது கூஜாவில் சம்பந்தி பாட ஆரம்பித்தார். சபீனோவும் பாடினார். “என்னய்யா இது, சாராயக்கடையா?” என்று தொனாத்தா கத்தினாள். அவள் கத்தி முடித்ததும் அம்மாள் எழுந்து நின்று கைதட்டினாள்.

போன் அடித்தது. ரொஸெல்லா.

“வந்துட்டாங்களாப்பா?”

“வந்தாச்சு, சாப்பிட்டாச்சு, பாட்டும் ஆச்சு. தங்கமான மனுஷங்க. அந்தம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் முகம் சரியில்ல.”

“ஏன்? நீ என்ன பண்ணினே? போனை அவங்ககிட்ட குடு,” என்றாள் ரொஸெல்லா. ரயில் அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. நேரே சுரங்கத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். பேச்சு அறுந்தது.

“சீரைக் காட்டிடலாம். அதைப் பார்த்தா மனசு மாறிடும்,” என்றாள் தொனாத்தா.

அதுதான் அவள் கையிலிருந்த கடைசி அஸ்திரம். ரொஸெல்லா பிறந்த வருஷத்திலிருந்து சேர்த்த பெட்டி அது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேஜை விரிப்பு என்று அத்தனையிலும் தொனாத்தாவின் கை வேலைப்பாடு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதைப் பிரித்துக் காட்டுவதுதான் பாதிக் கல்யாணம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினாள்.

அம்மாளின் கண்கள் விரிந்தன. மேஜை விரிப்பைத் தடவிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தொனாத்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“பாருங்க, பாருங்க. எப்படி ரசிக்கிறாங்க,” என்று கணவனின் விலாவில் இடித்தாள்.

அம்மாள் விரிப்பை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

தொனாத்தா நோட்டையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன இது?” என்றார் சபீனோ. “என் பொண்ணுக்கு நான் குடுக்கிற சீருக்கு இவங்க விலை பேசறாங்களா?”

“பொறுங்க. அவங்க ஊர் வழக்கமா இருக்கும்.”

“எந்த ஊர்ல இப்படி வழக்கம்?”

அவர் மோவாயை மேலே தூக்கி, நாக்கைச் ‘ச்சு’ என்று கொட்டினார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். அம்மாளோ விலை போதவில்லை என்று எடுத்துக்கொண்டாள். இன்னொரு நோட்டை வைத்தாள். சபீனோ மோவாயை இன்னும் தூக்கினார். மூன்றாவது நோட்டு வந்தது. அவர் மோவாய் கூரையைப் பார்த்து நின்றபோது சம்பந்தி தள்ளாடிக்கொண்டே எழுந்து வந்து, தம் பங்குக்குச் சில்லறையைச் சபீனோவின் கோட்டுப் பையில் போட்டு, தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“சில்லறை,” என்றார் சபீனோ. பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். “தொனாத்தா, எனக்கு டிப்ஸ் குடுக்கிறான்.”

“ஐயோ, சும்மா இருங்க. பொண்ணு வாழ்க்கை.”

“வெளியே போ,” என்று சபீனோ வாசலைக் காட்டினார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து அம்மாள் மறுபடி கைதட்டப் போனாள். அதற்குள் துறைமுகத்திலிருந்து கப்பலின் ஊதல் நீளமாகக் கேட்டது. இரண்டு பேரும் திடுக்கிட்டு ஓடினார்கள். நோட்டுகள் கட்டிலில் கிடந்தன. மேஜை விரிப்பு அம்மாளின் கக்கத்திலேயே போய்விட்டது.

பணத்தைப் பொறுக்கிக்கொண்டு சபீனோவும் பின்னால் ஓடினார். வழியில் கோட்டுப் பொத்தான்கள் தெறித்தன. அவர் போய்ச் சேர்ந்தபோது, இத்தனை வருஷம் தாமே அவிழ்த்துவிட்ட கயிற்றை வேறொருவன் அவிழ்த்துக்கொண்டிருந்தான். கப்பல் விலகி நகர்ந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மா ரொஸெல்லா, இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். நம்மளைக் கடைக்காரங்கன்னு நினைச்சுட்டாங்க. மானம் கப்பலேறிப் போச்சு. உன் அம்மா தைச்ச விரிப்பும் கூடவே போச்சு.”

“அவங்க அப்படிப்பட்டவங்க இல்லப்பா.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “ஹென்ரிக் அப்பத்துலேருந்து அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணிட்டே இருக்கான். எடுக்கவே மாட்டேங்கறாங்க. அப்படி என்னதான் பண்ணினே?”

“எடுக்க மாட்டாங்க. எந்த முகத்தோட எடுப்பாங்க?”

“நாங்க இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவோம். அதுவரைக்கும் தயவுசெஞ்சு யாரையும் எதுவும் பேசாதே,” என்று சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் ஹென்ரிக் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

சபீனோ கட்டிலில், பரப்பிக் கிடந்த சீருக்கு நடுவே உட்கார்ந்தார். தலையணை உறை ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொனாத்தா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது.

“அந்தப் பையனைப் பத்திப் பேசும்போது அவ முகத்தைப் பார்த்திருக்கீங்களா?” என்றாள் அவள் கடைசியில். “ஒரு மேஜை விரிப்பு. கேட்டாங்க, குடுத்துட்டுப் போயிருக்கலாம். மோவாயைத் தூக்கறாராம் மோவாயை.”

“தப்புதான்,” என்றார் சபீனோ. “நானே நார்வேக்குப் போய்க் கால்ல விழறேன்.”

“எந்த ஊர்னாவது தெரியுமா? பேரே உங்க வாயில நுழையல.”

வாசல் திரையை விலக்கிக்கொண்டு மிம்மா தலையை நீட்டினாள். முழங்கை வரை ஈரம். இந்த ஜூன் வெயிலில் மான் படம் போட்ட கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, பாத்திரம் தேய்க்கிற சோப்பு இருந்தா கொஞ்சம் குடு. என் வீட்டுல சொட்டு இல்ல.”

“நேரங்காலம் தெரியாம வந்துட்டா,” என்று முனகினார் சபீனோ.

“உங்களுக்கு என்ன அண்ணே, பொத்தானெல்லாம் பிஞ்சு கிடக்கு? என் கஷ்டத்தைக் கேளுங்க. இன்னிக்கு மாதிரி ஒரு ஜோடியை நான் பார்த்ததே இல்ல. துறைமுகத்துல என்னைக் கண்டதும் கட்டிப்பிடிச்சாங்க. தானே பின்னினதுன்னு இந்தச் சட்டையைப் போட்டுவிட்டு அழுதாங்க அந்தம்மா. மாவு பிசையச் சொன்னேன், மறுபேச்சு இல்லாம பிசைஞ்சாங்க. சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போவாங்க இல்லையா? இவங்க பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துட்டாங்க. பரண்ல கிடந்த அண்டாவைக்கூட விடல. அந்த மனுஷன் ஏணி போட்டு ஜன்னல் துடைக்கிறாரு. போன் வேற அடிச்சுக்கிட்டே கிடக்கு, கையெல்லாம் நுரை, எடுக்கல.”

“கப்பல்தான் போயிடுச்சே,” என்றாள் தொனாத்தா சோப்பைத் தேடிக்கொண்டே. “இன்னும் எதுக்கு வச்சுக்கிட்டிருக்கே? அனுப்ப வேண்டியதுதானே?”

“அதைத்தான் நானும் சொல்றேன். கப்பல் போனா போகட்டும், ரொஸெல்லாவைக் கண்ணால பார்க்காம நகர மாட்டோம்ங்கறாங்க. ஏன்க்கா, உன் பொண்ணை அவங்களுக்கு எப்படித் தெரியும்?”