ஐந்து விரலும் ஐநூறு ரூபாயும்

தன்னோடு தானே பேரம் பேசி, அதிலும் தோற்றுப்போனவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தேவிகுளம் பக்கத்தில் நான் ஒருத்தி இருக்கிறேன்.

அப்போது ஒரு ரிசார்ட்டின் ஸ்பாவில் மசாஜ் செய்துகொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் மணிக்கு மூவாயிரம் வாங்குவார்கள். அதில் என் கைக்கு வருவது பஸ்ஸுக்கும் பரோட்டாவுக்கும் சரியாக இருக்கும். மீதியைப் புல்லாங்குழல் இசைக்கும் (ஒரே பாட்டு, நாள் முழுக்க) மெழுகுவர்த்திக்கும் செலவழித்தார்கள் போல. ஒருநாள் வேலையை விட்டேன். சங்கிலியை அடகு வைத்து, மடக்கித் தூக்கிப்போகிற மசாஜ் கட்டில் ஒன்று வாங்கினேன். இனி நானே முதலாளி. முதலாளிக்கு வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை என்பது மட்டும்தான் சின்னக் குறை.

போடிமெட்டு போகிற வழியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஜோசப் சேட்டன், சீசன் முழுக்க விருந்தாளிகளுக்கு மசாஜ் செய்ய ஆள் தேடுவதாகத் தெரிந்தது. மணிக்கு ரெண்டாயிரம் கேட்பது என்று முடிவு செய்தேன். எப்படிக் கேட்பது என்பதை யூடியூபில் கோட்டு போட்ட ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். விலையைச் சொல்ல வேண்டும், பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், முதலில் வாய் திறக்கிறவர் தோற்றார். அவ்வளவுதான் வித்தை.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். அவரை எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். "ரெண்டாயிரம்" என்று சொல்லிவிட்டு முறைத்தேன்.

"எனக்கே பயமா இருக்கு பிள்ள. அந்தாளு பயந்துபோய் மூவாயிரமா குடுத்திருவாரு" என்றார்.

அவரே ஜீப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வாசலில் நின்றுகொண்டார். சேட்டன் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். தலையசைத்து நாற்காலியைக் காட்டினார். (பெரிய மனுஷன், அதிகம் பேசமாட்டார் போல.) உட்கார்ந்து, "மணிக்கு ரெண்டாயிரம், சேட்டா" என்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவரும் மூடிக்கொண்டிருந்தார்.

எதிராளியும் பேசாவிட்டால் என்ன செய்வதென்று கோட்டுக்காரர் சொல்லியிருக்கவில்லை. சேட்டன் முகத்தைச் சுளித்தார். ரெண்டாயிரம் என்றதும் மனுஷனுக்கு உடம்பே வலிக்கிறது!

"சரி, ஆயிரத்தைந்நூறு."

கண்ணை இறுக்க மூடினார்.

"ஆயிரம். கால் மசாஜ் ஃப்ரீ."

கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். அந்தச் சோகத்தை என்னால் தாங்க முடியவில்லை. "விருந்தாளிங்களை எங்க வீட்டுக்காரரே போடிமெட்டுலருந்து ஜீப்புல கூட்டிட்டு வந்திருவாரு, சேட்டா. அதுவும் ஃப்ரீ."

வாசலில் பலமாக ஓர் இருமல் கேட்டது.

அப்போதுதான் சேட்டன் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார்.

"ஐநூறா! அநியாயம் சேட்டா. அறுநூறாவது குடுங்க."

வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடியும் ஐந்து விரல்.

"சரி, ஐநூறு. இதுக்குக் கீழ சத்தியமா இறங்க மாட்டேன்" என்றேன், மிக உறுதியாக.

உள்ளேயிருந்து அவர் மனைவி கிண்ணத்தில் ஐஸ்கட்டியோடு வந்தார். "மோளே, சேட்டன் இப்பதான் பல்லு பிடுங்கிட்டு வந்தது. வாயில பஞ்சு வெச்சிருக்கு. டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

சேட்டன் நிதானமாகப் பஞ்சை எடுத்தார். "அஞ்சு மினிட் இருன்னு கை காட்டினேன், மோளே. ரெண்டாயிரம்னா எனக்கு ஓகேதான்."

"அப்ப ரெண்டாயிரமே..."

"இனி எந்தினா ரெண்டாயிரம்? ஐநூறு போதும்னு நீங்கதானே சொன்னது?" வாயில் மரத்துப்போகாத பக்கத்தால் சிரித்தார். அந்தப் பக்கமும் மரத்துப்போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

அந்த சீசன் முழுக்க ஐநூறு ரூபாய்க்கு, தூண் மாதிரித் தோள்களைப் பிசைந்தேன். ஜீப்பில் வந்தவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்டால், "ஃப்ரீதாங்க. எங்க வீட்டம்மா ஏற்பாடு" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அடுத்த சீசனுக்கு ரெண்டாயிரம் என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே போனை மகளிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் 'ஓகே' என்று வந்திருந்தது.

அந்த மகளைப் பெண் பார்க்க, போன மாதம் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனைப் பிடித்துப்போயிற்று. கல்யாணச் செலவு பாதிப் பாதி என்று நான்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா பதிலே பேசவில்லை. என் உதடு துடித்தது.

"இல்லண்ணே, வேணும்னா மண்டபத்தை நாங்களே..."

வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஏ பிள்ள, பொறு. முதல்ல அண்ணாச்சி வாயில பஞ்சு இருக்கான்னு பாப்போம்."

அவர் ஒன்றும் புரியாமல் வாயை அகலத் திறந்து காட்டினார். வாய் நிறைய வெற்றிலை. துப்பிவிட்டு வந்து, "பாதிப் பாதி நல்ல யோசனைதான். அது என்ன பஞ்சு?" என்றார்.

இப்போது போடியிலும் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.