கழித்தல் குறி மீட்ட காதை

வாழ்க அவள்! மடிக்கணினியே தேராக, விரல் பத்தே படையாக, ஆறிப்போன காப்பியே அமுதமாக, மலைநிகர் பாடநூல்களைத் தலையணையாய் அடுக்கி, முதுகலைப் பொருளியலின் கடைசிப் பருவத்தைக் கடக்கத் துணிந்த விடுதி வீராங்கனையைப் பாடுகிறோம். தேவை, அளிப்பு என்னும் இரட்டைத் தெய்வங்களே, துணை நிற்பீர்! அவள் தொலைத்தது மணிமுடியன்று, மண்ணன்று. ஒரு கழித்தல் குறி.

அந்தக் குறியின் பெருமையைக் கேளுங்கள். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர் என்பது பொருளியலார் பால்குடிப் பருவத்திலேயே கற்கும் பாடம். விலைக்கும் விற்பனைக்கும் உள்ள உறவைக் கணினி ஒற்றை எண்ணாகப் பிழிந்து தரும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் அந்த எண்ணின் நெற்றியில் கழித்தல் குறி திலகம்போல் துலங்கும். இரண்டும் கைகோத்து ஏறினாலோ நெற்றி வெறுமையாகும். தன் ஆய்வேட்டுக்காகக் குடைக்கடைச் சித்தப்பா கொடுத்த ஓராண்டு விலையையும் விற்பனையையும் ஊட்டி நம் தலைவி விசையைத் தட்டியபோது, திரையில் உதித்தது ஒரு மொட்டை எண். விலை ஏற ஏறக் குடை கூடுதலாக விற்கிறதாம்!

"இது ஆய்வா, அதிசயமா?" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "நாளைக்கு நாலு மணிக்குள்ள மைனஸோட வாம்மா. இல்லன்னா தலைப்ப மாத்திட்டு அடுத்த வருஷம் வா."

மூண்டது போர். தட்டச்சில் சுழியம் ஏதும் கூடிற்றோ என வரிவரியாகத் துருவியும், கடை பூட்டிக் கிடந்த நாட்களைக் களையெடுத்தும், விலையின் அரியணையில் விற்பனையைத் தவறுதலாக அமர்த்திவிட்டோமோ எனப் புரட்டிப் பார்த்தும், கடைசியில் மடிக்கணினியையே அணைத்து உயிர்ப்பித்தும் அவள் எய்த கணைகள் அத்தனையும் முறிந்து வீழ, மொட்டை எண் மட்டும் கோட்டைக் கதவில் அறைந்த ஆணிபோல் அசையாது நின்று நகைத்தது.

சினம் தலைக்கேறிச் சித்தப்பாவையே கைப்பேசியில் அழைத்தாள். "விலைய மாத்திச் சொல்லிட்டீங்களா சித்தப்பா?"

"வித்ததத்தான் சொன்னேன். உன் படிப்புக்குப் பிடிக்கலன்னா அதுக்கு என் குடை என்னடி பண்ணும்?"

அப்போது, கட்டிலில் மல்லாந்து கிடந்த அறைத்தோழி, விடுதியே 'தூங்குமூஞ்சி' என்று போற்றும் பெருந்தகையாள், ஒற்றைக் கண் திறந்து ஒரு மாயவழி காட்டினாள்: "சின்னக் கோடுதானடி! பேனாவ எடுத்து இழுத்து விடு. யாரு பாக்கப் போறா?"

'பொய்க்கோட்டால் பட்டம் பெறுவதினும் மெய்க்கணக்கால் மண் கவ்வுவதே எமக்கு அழகு!' என்று தலைவியின் உள்ளம் முழங்கிற்று. வாய் சொன்னது, "போடி, மாட்டிக்குவேன்."

மறுநாள் பிற்பகல், தோல்வியைத் தோளில் சுமந்து, தலைப்பையே பலிகொடுக்கத் துறை நோக்கி அவள் நடந்தாள். பாதி வழியில் வானப்பெருஞ்சேனை முன்னறிவிப்பின்றி நீர்க்கணை பொழிந்தது. சாலையோரக் குடைக்காரரைச் சூழ்ந்தது ஒரு மாபெரும் முற்றுகை. இடி இடிக்குந்தோறும் அவர் விலையை ஒரு படி உயர்த்தினார்; உயர்த்துந்தோறும் நீண்ட கைகள் பெருகின. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க முன்வரிசையில் நின்ற அம்மையார் ஒருவர், "பகல் கொள்ளை! போன வாரம் இதுல பாதிதானே?" என்று அவரை வறுத்தெடுத்து, அதே மூச்சில், "ரெண்டு குடுங்க," என்றார்.

நம் தலைவியும் மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்து, கேட்ட விலைக்கு ஒரு குடையைக் கவர்ந்தாள். விரித்தாள். நடந்தாள். நடுச்சாலையில் சிலையானாள்.

"யம்மா! ஓரமா நின்னு யோசிங்க!" என்று அலறினார் ஒரு ஸ்கூட்டர்க்காரர்.

ஆகா, அகப்பட்டான் ஒளிந்திருந்த பகைவன்! சித்தப்பாவின் கடையிலும் விலையை ஏற்றியது மழை. வாங்கவைத்ததும் மழை. இரு பாவைகளையும் ஒரே கயிற்றால் ஆட்டிவிட்டுத் திரைக்குப் பின்னே அது மறைந்திருக்க, பாவம் கணினி, மழைநாள் விலையை வெயில்நாள் விலையோடு மோதவிட்டுக் கண்டதைச் சொல்லியது. ஒரே அளவு மழை பெய்த இரு நாட்களை அருகருகே நிறுத்தியிருந்தால், விலை கூடிய நாளில் கூட்டம் குறைந்திருக்குமே!

துறைக் கட்டடத்தின் படிக்கட்டே பாசறையாக அமர்ந்தாள். கூந்தலில் நீர் சொட்டச் சொட்ட, வானிலை நிலையத்தின் தினசரி மழையளவை இணையத்திலிருந்து இறக்கி, விலைக்கும் விற்பனைக்கும் பக்கத்தில் மூன்றாம் வரிசையாக அணிவகுத்தாள். மேலே வழிகாட்டியின் அறைக்கதவு பூட்டப்படும் ஓசை கேட்க, "சார், ஒரு நிமிஷம்!" என்று மாடி அதிரக் கூவி, மின்னலை ஏந்திய மேகம்போல் ஆள்காட்டி விரலை உயர்த்தி, மூவுலகும் மூச்சடக்க, விசையின்மீது இறக்கினாள்.

மழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் மைனஸ் வந்துவிட்டது.