மாமாவின் காசும் நீலத் தண்ணீரும்

பெண் எடுத்த வீட்டில், வேதியியல் படித்தவன் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. இதை நான் கற்றுக்கொண்டது பல்கலைக்கழகத்தில் அல்ல, போலீஸ் நிலையத்தில்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் வேலை. பாடசாலை பக்கம் என்பதால் மாமனார் வீட்டிலேயே தங்கியிருந்தோம். மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைக் கவனித்துக் கவனித்து, வீட்டிலும் எல்லோரையும் அப்படியே பார்ப்பார். சீனிப் போத்தலைக்கூட மூடிவிட்டு, யாராவது திறந்தால் தெரிய மூடியையும் போத்தலையும் சேர்த்துப் பென்சிலால் கோடு போட்டு வைக்கிற மனிதர்.

அவரிடம் ஐந்து பழைய வெண்கலக் காசுகள் இருந்தன. முன்னோர்கள் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தபோது இடுப்பில் முடிந்து கொண்டுவந்தவையாம். ஒரு பக்கம் நிற்கிற மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன். சோழராசா காசு என்பார் மாமா. (இரண்டு பக்கமும் அவரேதானா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஏன், ராசான்னா உக்காரக் கூடாதா?") ஒரு காசில் மட்டும் ராசாவின் காதருகே ஓட்டை இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி சாமித் தட்டில் வைப்பது மாமாவின் வேலை. வேறு யாரும் தொட முடியாது.

அந்த வருடம் தீபாவளி முடிந்து மழையும் பனிமூட்டமும் விடாமல் பிடித்துக்கொண்டபோது, காசுகளில் வெளிர்பச்சை நிறத்தில் பொடி பூக்கத் தொடங்கியது. துடைத்தால் அடியில் குழி. மறுநாள் மறுபடி பொடி.

"இத்தன வருஷமா பூக்காத காசு, இப்பத்தான் பூக்குது," என்றார் மாமா, கூரையைப் பார்த்து. வீட்டுக்குப் புதிதாக வந்திருந்தது நான் ஒருவன்தான்.

"மாமா, இது ஒரு நோய் மாதிரி. உப்பு காசுக்குள்ள இறங்கி, ஈரம் பட்டா அரிச்சுக்கிட்டே போகும். விட்டா பொடியாப் போயிரும். நான் சரி பண்றேன்."

"உப்பு தொட்டது நானு. அப்ப நான்தான் கெடுத்தேங்கிறீங்களா மாப்புள்ள?"

என் மனைவி வசந்தி கதவருகே நின்று, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள். பட்டம் வாங்கியவனுக்கு அதெல்லாம் தெரியுமா? அரை மணி நேரம் விளக்கினேன்.

ஹட்டனில் ஒரு கராஜில் பேட்டரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர், வாங்கினேன். சலவைச் சோடாவையும் அப்பச் சோடாவையும் அதில் கரைத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் காசுகளை ஊறவைத்தேன். உப்பு மெல்ல மெல்ல வெளியே வரும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாமா கிண்ணத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சில நாளில் தண்ணீர் நீலமாயிற்று.

"இது என்னா?"

"கொஞ்சம் செம்பு கரையும் மாமா. பயப்படாதீங்க."

"கரையுதா!" அன்றிலிருந்து நான் ஊற்றிக் கொட்டிய நீலத் தண்ணீரையெல்லாம் அவர் போத்தல்களில் பிடித்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். கரைந்தது வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாதல்லவா.

பொடி நின்றது. இனிக் காசுகளை ஈரமே இல்லாமல் உலர்த்த வேண்டும். ஆனால் துவைத்த காலுறையே வாரக்கணக்கில் காயாத மலையில் எங்கே போவது? ஒரே இடம்தான் நினைவுக்கு வந்தது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கிற டிரையர். அங்கே வேலை செய்யும் நண்பன் சம்மதித்தான். மாமா கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் காசுகளைத் துணியில் சுற்றி, சோற்றுப் பெட்டியில் வைத்து, நைசாகக் கிளம்பினேன். (நைசாக! நானே என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன்.)

காசுகள் அருமையாகக் காய்ந்தன. வெளியே வரும்போதுதான் வாசலில் காவலுக்கு நிற்கும் வாச்சர் மறித்தார்.

"மாஸ்டர், பெட்டிய தொறங்க. தேயிலத் தூள் கொண்டு போறீங்களா?"

"தூள் இல்லீங்க, பழைய காசு."

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ புதையல் தோண்டுவதாக அந்த வாரம்தான் ஊரெல்லாம் பேச்சு. வாச்சர் துணியை அவிழ்த்தார். ராசா நின்றுகொண்டிருந்தார். வாச்சருக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தபடியே போலீசுக்குப் போன் போட்டார்.

நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர். மரியாதையான மனிதர். என் சிங்களம் பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்கிற அளவுக்குத்தான். நான் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் கேட்டார்: "நிதானயக் தியெனவாத?"

ஆகா, நிதானமாக இருக்கிறாயா என்று கேட்கிறாரே, என்ன பண்பு! "தியெனவா சார். ஹொந்தட்டம தியெனவா" என்றேன். இருக்கிறது சார், நன்றாகவே இருக்கிறது.

சார்ஜன்ட் எழுந்தே விட்டார். "கொஹேத?" எங்கே?

நிதானம் எங்கே இருக்கும்? நெஞ்சில் கை வைத்து, "மெதன" என்றேன். இங்கே.

உடனே என் சட்டைப் பைக்குள் கைவிட்டார். காலையில் கடையில் வாங்கிய பொட்டலம் வெளியே வந்தது. பிரித்தால் வெள்ளைத் தூள். (சோடா. சத்தியமாக அப்பச் சோடா.)

சிங்களத்தில் நிதானய என்றால் புதையல் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, மாமாவை வரவழைத்திருந்தார்கள். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. சார்ஜன்ட் காசுகளை மேசையில் பரப்பினார். பச்சை போய், அழுக்குப் போய், அடர்ந்த பழுப்பில் ராசாவின் விரல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. மாமா குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் நல்ல சிங்களத்தில் சொன்னார்:

"இது எங்க காசு இல்லீங்க ஐயா. எங்க காசு பளபளன்னு இருக்கும், இல்லாட்டி பச்சையா இருக்கும்."

"மாமா!"

"அசல எங்க வச்சிருக்கீங்க மாப்புள்ள?"

வசந்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். எங்கள் கல்யாணத்தில் தாலித் தட்டில் அந்தக் காசுகளும் இருந்தன. போனில் இருந்த கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "அப்பா, இந்தா பாருங்க, காதுகிட்ட ஓட்ட. இங்கயும் அதே எடம். இதுக்கு மேல என்னா வேணும்?"

மாமா படத்தைப் பார்த்தார், காசைப் பார்த்தார், சார்ஜன்டின் கண்ணாடியை இரவல் வாங்கி மறுபடியும் பார்த்தார். நான் வேண்டாத தெய்வமில்லை.

"காசு நம்மளதுதாங்க," என்றார் கடைசியில். "ஆனா மாப்புள்ளைய இன்னுங் கொஞ்சம் விசாரிங்க."

சார்ஜன்ட் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற வாச்சரே உள்ளே எட்டிப் பார்த்தார். சோடாப் பொட்டலத்தையும் திருப்பித் தந்து, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், என் மகள் நெஞ்சில் கை வைத்து, "நிதானயக் தியெனவாத அப்பா?" என்பாள். அதோடு என் கோபம் முடிந்தது.

போன மாதம் அந்த சார்ஜன்ட், ஓய்வு பெற்றவராக, வீடு தேடி வந்தார். மனைவி வழியில் கிடைத்த பழைய காசொன்றில் பச்சைப் பொடி பூக்கிறதாம். அந்த நீலத் தண்ணீர் வைத்தியம் செய்து தர முடியுமா என்று கேட்டார். பெருமையாகக் கையை நீட்டினேன். மாமா இடையில் புகுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்குறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க ஐயா."