பிக்கப் அண்ணனும் பூட்டுக்கு வைத்த எண்ணெயும்

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் வந்து இறங்கிய தமிழர்களில் பாதிப் பேரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது விமானம் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. பிக்கப் அண்ணன்தான் கொண்டுவந்தார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட் முழுக்கக் கம்ப்யூட்டர்காரர்கள். எல்லோரும் பழைய ஜப்பான் கார் வாங்கியபோது அண்ணன் மட்டும் பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் டிரக் வாங்கினார். "பொட்டி படுக்கையோட வர்றவங்களுக்கு அதுதானுங்க சௌகரியம்" என்றார். ஊரிலிருந்து யார் வந்தாலும் நியூவார்க் ஏர்போர்ட்டில் அண்ணன் நிற்பார். வருகிறவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருமுறை யாரோ ஒரு குஜராத்திக் குடும்பத்தைத் தவறுதலாக ஏற்றிவந்து, சாம்பார் சாதம் போட்டு, மறுநாள்தான் உரியவர்களிடம் ஒப்படைத்தார். வண்டியும் பிக்கப், வேலையும் பிக்கப். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் பொள்ளாச்சிக்காரர். தலையில் ஒரு முடி கிடையாது. வீட்டிலோ தேங்காய் எண்ணெய் டப்பா டப்பாவாக இருக்கும். தலைக்குச் செலவாகாத எண்ணெய் கதவுக் கீல், ஷூ, தொண்டை வலி என்று மற்ற இடங்களுக்குப் போகும். "எண்ணெய் வச்சு ஆகாத காரியம் இல்லீங்" என்பார். ஆபீஸ் பிரிண்டருக்கும் ஒருநாள் வைத்தார். அதற்கப்புறம் அது துப்பிய காகிதமெல்லாம் பஜ்ஜி மடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்த ஜனவரியில்தான் என் மனைவி சுமதி வந்தாள். திருச்சியைத் தாண்டாதவள், தனியாக வருகிறாள். "நான் வெளிய வர்றப்போ நீங்க எதிர்ல நிக்கணும். காணோம்னா அங்கேயே உக்காந்து அழுதுடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். ஒரு மணிக்கு ஃப்ளைட். எனக்கு இன்னும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. முந்தின நாள் பனி கொட்டித் தீர்த்திருந்ததால் டாக்ஸிக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. அண்ணனை விட்டால் கதியில்லை.

பதினோரு மணிக்கு டிரக்கிடம் போனோம். சாவி பாதி நுழைந்தது. அதற்குமேல் நுழையவில்லை.

"ஐஸ் புடிச்சிருச்சுங் தம்பி" என்றார் அண்ணன், நிதானமாக.

அந்தப் பக்கக் கதவுக்கு ஓடினேன். அதிலும் அதே கதை. கீழ்வீட்டு அமெரிக்கப் பெண்மணி பூட்டில் உறையும் ஐஸை உருக்குகிற ஸ்ப்ரே ஒன்றைக் கொடுத்தாள். டப்பா முழுக்க அடித்தோம். பூட்டு அசையவில்லை. மணி பன்னிரண்டு.

"அண்ணே, ஐஸா இருந்தா இந்நேரம் உருகியிருக்கணுமே!"

சாவியை உருவிப் பார்த்தேன். நுனியில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். சந்தேகமே இல்லை.

"அண்ணே, இதுல என்ன வச்சீங்க?"

"பனிக்காலம் வருதேன்னு முன்ஜாக்கிரதையா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேனுங்."

"ரெண்டு கதவுலயுமா?"

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விடலாங்களா?"

மார்கழி பிறந்தாலே ஊரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் எடுப்போம். இது நியூ ஜெர்சி ஜனவரி! உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்பார்கள். இங்கே எண்ணெயே ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே பனியில் உருட்டியிருப்பேன்.

அண்ணன் அசரவில்லை. நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, ஹேர் டிரையர் கேட்டார். அந்தப் பெண்மணி அவருடைய வழுக்கையை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டாள். மூன்று எக்ஸ்டென்ஷன் ஒயர்களைக் கோத்து, அவள் ஜன்னல் வழியாக இழுத்து, பூட்டுக்குச் சூடு காட்டினோம். கொஞ்ச நேரத்தில் பூட்டு அழுதது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. வாசனை தெருவைத் தூக்கியது. சாவி திரும்பியது.

பனியில் ஊர்ந்து ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். சுமதி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சொன்ன சொல் தவறாதவள், அழுதுகொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரக்கில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் மூக்கை உறிஞ்சினாள்.

"தேங்காயெண்ணெய் வாசனை வருதே. யாரு தலைக்கு வச்சிருக்கீங்க?"

அண்ணன் குல்லாயைக் கழற்றிக் காட்டினார். "எனக்கு ஏதுங்க அம்மிணி தலையில முடி? வண்டிக்கு வச்சதுங்."

சுமதி சிரித்துவிட்டாள். எடிசன் வரும்வரை சிரித்தாள். என்னை மன்னித்தது அப்போதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு அண்ணன் அந்த டிரக்கைப் பூட்டவே இல்லை. கோடையிலும் பூட்டவில்லை. "திருட்டுப் போயிடும் அண்ணே" என்று நானே சண்டை போட்டேன்.

"போனாப் போகுதுங் தம்பி. வண்டி இன்னொண்ணு வாங்கிக்கலாம். அங்க ஒரு புள்ள பொட்டி மேல உக்காந்து அழுதுட்டு இருந்துச்சே, அப்படி இன்னொருக்கா என்னால பாக்க முடியாதுங்."

அமெரிக்காவில் எனக்குத் தெரிந்து பூட்டாமலே இருந்த கதவு அது ஒன்றுதான். அந்த வண்டியில் ஏறித்தான் என் குடும்பம் வீடு வந்து சேர்ந்தது.