நான் ஊரில் இல்லாத இரண்டு வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வாரம் நான் ஊரிலேயே இல்லை.

இப்படி ஆரம்பித்தால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். என் மனைவி சொக்கத் தங்கம். தப்பு முழுக்க ஆஸ்பத்திரிக்காரர்களுடையது. நான் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவன். பதினோரு வருஷமாக என் அட்டவணையில் ஒரு நிமிஷம் பிசகியது கிடையாது. பஸ்கள் பிசகும். அது பஸ்களின் குணம்.

அப்படிப்பட்டவனிடம், ஒரு சனிக்கிழமை காலையில், கர்ப்பிணிகள் பிரிவு நர்ஸம்மா வட்டமான ஓர் அட்டையைத் திருகிப் பார்த்துவிட்டு, "எட்டு வாரம் மூணு நாள்" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன்.

"இல்லீங்க. ஆறு வாரம் ரெண்டு நாள்."

"எட்டு வாரம் மூணு நாள்."

"அம்மா, நான் பதினஞ்சு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிட்டு ஒரு வியாழக்கிழமைதான் திரும்பி வந்தேன். அதுக்கு முன்னாடி எப்படிங்க?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கடைசியா மாதவிலக்கு வந்த முதல் நாள்ல இருந்து எண்ணுவோம். எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் நர்ஸம்மா.

"அன்னைக்குக் குழந்தையே இல்லையே!"

"இல்லைதான்."

"வண்டியில ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிக்கிறீங்களே, இது என்ன நியாயம்?"

பதிலுக்கு நர்ஸம்மா ஊசியை எடுத்தார். மனைவியின் கைக்குத்தான். ரத்தம் எந்த வகை, சோகை இருக்கிறதா, சர்க்கரை, தொற்று என்று எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே பார்த்துவிடுவார்களாம். ஊசி உள்ளே போனதைப் பார்த்தேன். அப்புறம் கூரையைப் பார்த்தேன். நான் பெஞ்சில் மல்லாந்து கிடந்தேன். மனைவி பஞ்சு ஒட்டிய கையாலேயே எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"இவருக்கு என்ன ஆச்சு?"

"ஊசின்னா பயம் சிஸ்டர். இவங்க அப்பாவுக்குச் சர்க்கரை. நீங்களும் ஒரு தடவை பாத்துக்குங்கன்னு மூணு வருஷமா கெஞ்சுறேன். கூப்பிட்டாலே டியூட்டி இருக்குன்னு ஓடிடுவார்."

அபாண்டம். ஒவ்வொரு தடவையும் உண்மையிலேயே டியூட்டிதான். அந்த டியூட்டியைப் போடுகிறவன் நான் என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது நர்ஸம்மா ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார். "அடுத்தது ஸ்கேன். பதினோரு வாரத்துக்கு மேல, பதினாலு வாரத்துக்குள்ள எடுத்தாகணும். அது தாண்டிட்டா இதுல பாக்க வேண்டியதைப் பாக்க முடியாது."

அந்த ஸ்கேனில்தான் குழந்தையின் முகம், கை, கால் எல்லாம் முதன்முதலாகத் தெரியுமாம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த அறையில் நான் இருக்க வேண்டும். ஆனால் சரியான தேதியில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சபதம் எடுத்தேன். இந்தப் பிரசவம் என் அட்டவணைப்படிதான் நடக்கும்! முழு அட்டை ஒன்றில் கோடு போட்டேன். வாரம், பரிசோதனை, நேரம், பெயர் என்று நாலு கட்டம். முதல் வரிசையில் பன்னிரண்டாம் வாரம், வியாழக்கிழமை: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காலை எட்டு மணி. அடுத்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் இருபதாம் வாரத்து ஸ்கேன். அப்புறம் இனிப்புத் தண்ணீர் குடித்துச் சர்க்கரை பார்க்கிற இருபத்தாறாம் வாரம். ரத்த அழுத்தமும் சிறுநீரும் ஒவ்வொரு தடவையும். பெயர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். டிப்போவிலும் அப்படித்தான், பெயரைக் கடைசியில்தான் நிரப்புவோம். இங்கே நிரப்பவே தேவையில்லை. வீட்டில் ஒரு கர்ப்பிணிதானே!

அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி கையில் டேப்போடு வந்து பார்த்தாள். தையல் கடையில் துணி வெட்டுகிறவள் அவள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள்.

"ஏங்க, இதுல பன்னண்டாம் வாரம்னு போட்டிருக்கிற வியாழக்கிழமை, அவங்க கணக்குல பதினாலைத் தாண்டிடுது."

"அவங்க கணக்கு தப்பு."

"துணியில தையலுக்குன்னு ரெண்டு இன்ச் விட்டு வெட்டுறோமில்ல? அந்த மாதிரி இது. அந்த ரெண்டு இன்ச் சட்டையில தெரியாது. ஆனா அதை விடலைன்னா சட்டை உடம்புல ஏறாது."

"என் குழந்தை என்ன சட்டைத் துணியா? நான் ஊர்ல இல்லாத நாளை எல்லாம் என் குழந்தை கணக்குல ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன்."

"ஸ்கேன் தவறிடும்ங்க."

"தவறாது. அந்த வியாழனுக்கு லீவே வாங்கிட்டேன். மேனேஜர் கால்ல விழாத குறையா வாங்கின லீவு. வானமே இடிஞ்சு விழுந்தாலும் இந்தத் தேதி மாறாது."

மூன்று நாள் சண்டை போட்டாள். நாலாம் நாள் காலை, சட்னி அரைத்துக்கொண்டே, "சரிங்க. உங்க அட்டவணையே இருக்கட்டும்" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவனாக இருந்தால் அந்த நிமிஷமே பயந்திருப்பேன். நான் இன்னும் ரெண்டு தோசை கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, புது ரூட்ல பஸ் விடுறதுக்கு முன்னாடி நீங்க ஏதோ பண்ணுவீங்களே, அதுக்குப் பேரு என்ன?"

"வெள்ளோட்டம்."

"ஆங், அதேதான். நம்ம ஸ்கேனுக்கும் ஒண்ணு விட்டா என்ன? வீட்டுல இருந்து எத்தனை நிமிஷம், எந்த மாடி, எங்க உட்காரணும்னு எல்லாம் பாத்து வச்சுக்கலாம். இல்லைன்னா அன்னைக்குப் போய்த் தடுமாறுவோம்."

என் கண் கலங்கிவிட்டது. டிப்போவில் கூட என் தொழிலை யாரும் இவ்வளவு மதித்ததில்லை. என் வார விடுமுறை சனிக்கிழமை. வருகிற சனிக்கிழமையே வைத்துக்கொள்வோம் என்று அவளேதான் சொன்னாள். நான் ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் இருபத்து மூன்று நிமிஷம். எழுதிக்கொண்டேன். படிக்கட்டு நாற்பத்தொன்று. எழுதிக்கொண்டேன். உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளோட்டத்துக்கு இவ்வளவு ஒத்துழைக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டே பின்னால் போனேன். அவள் கட்டிலில் படுத்தாள். டாக்டரம்மா வயிற்றில் குளுகுளுவென்று எதையோ தடவினார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? இன்னைக்கு வெறும்..."

"கொஞ்சம் பேசாம அங்க பாருங்க" என்றாள் மனைவி.

திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ அலைந்தது. அப்புறம் நின்றது. ஒரு தலை. ஒரு மூக்கு. கட்டை விரல் அளவுக்கு ஒரு முழு ஆள், கையை மேலே தூக்கி, வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி ஆட்டியது. மார்புக்குள்ளே ஒரு புள்ளி படபடவென்று அடித்துக்கொண்டது. என் நோட்டு கீழே விழுந்தது. நான் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை, வாய்விட்டே அழுதேன்.

"பன்னண்டு வாரம் மூணு நாள். வளர்ச்சி நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"பத்து..." என்று ஆரம்பித்தேன்.

"தலையில இருந்து அடி வரைக்கும் அளந்து பாத்துத்தான் சொல்றேன்" என்றார் அவர். மனைவி கூரையைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் கீழே கிடந்த நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆனால் வெளியே வந்ததும் கோபம் வந்தது. வராதா பின்னே?

"என்னை ஏமாத்திட்டே!"

"நீங்க உள்ள இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க. இருந்தீங்க. இதுல என்ன ஏமாத்து?"

"வெள்ளோட்டம்னு சொன்னியே!"

"சீட்டுல அவங்க எழுதின தேதி இதுதான். நீங்க சீட்டைப் பிரிச்சே பாக்கலை."

"அப்போ மேனேஜர்கிட்ட மானத்தை விட்டு வாங்கின அந்த வியாழக்கிழமை லீவு? அது வீணாப் போச்சா?"

"சேச்சே, வீணா எங்க போகுது? வானமே இடிஞ்சு விழுந்தாலும் மாறாத தேதியாச்சே! வாங்க, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். என் அட்டவணையில் அந்த வியாழக்கிழமை வரிசை அப்படியேதான் இருந்தது. ஸ்கேன் என்ற வார்த்தை மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ரத்தப் பரிசோதனை, காலை எட்டு மணி. நான் காலியாக விட்டிருந்த பெயர் கட்டத்தில், தையல் கடைச் சாக்பீஸால், 'அப்பா' என்று எழுதியிருந்தாள். எனக்கு மறுபடி கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'வெறும் வயிறு.'