முனியாண்டி வளைவில் ஒரு கேமரா

மலேசியாவில் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் வேகக் கேமராவுக்கு மிக அதிகமாகப் பயந்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், வாழ்நாளில் ஒருமுறைகூட வேகமாகக் கார் ஓட்டாத ஒருவரைத்தான் கைகாட்டுவேன். அவருக்கு டிங்டாங் என்று பெயர். அடையாளக் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவருடைய பழைய வெள்ளைக் காரின் முன்பக்கத்தில் பிள்ளையார் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். மற்ற இடமெல்லாம் கேமரா எச்சரிக்கைக் கருவிகள். கண்ணாடியில் ஒட்டியவை, ஏசி துவாரத்தில் கவ்வியவை, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியவை, போதாததற்குக் கைப்பேசிகளில் விதவிதமான செயலிகள். கார் தெருமுனையில் திரும்பும்போதே உள்ளே ‘டிங்டாங், டிங்டாங்’ என்று மணியடிக்கும். இத்தனையும் வைத்துக்கொண்டு மனிதர் மாட்டுவண்டி வேகத்தில் போவார். தோட்டத்து டிராக்டர் அவரை முந்திக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். முந்தும்போது டிராக்டர்காரர் மரியாதைக்குக் கையசைத்தார், இவரும் பதிலுக்கு அசைத்தார்.

எனக்கு அவரிடம் போகிற அவசியம் வந்தது வேக அபராதச் சம்மன்களால். சிரம்பானில் குடியிருந்துகொண்டு தம்பினில் வேலை பார்க்கிறவள் நான். காலையில் எழுந்திருப்பதில் விட்ட நேரத்தைச் சாலையில்தான் பிடிப்பேன். அரசாங்கம் அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்துக்கொண்டே இருந்தது. சரி, ஒரு கருவி வாங்கித் தொலைப்போம் என்று தம்பினில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இதற்கு ஆண்டுச் சந்தா, இதற்குச் சந்தா கிடையாது ஆனால் விளம்பரம் வரும், இது பேசும், இது பேசாது, விளக்கு மட்டும் எரியும். கேட்டுக் கேட்டுத் தலை சுற்றி, கடைசியில் கைப்பேசி மாட்டுகிற கொக்கி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் பெடாசுக்கும் தம்பினுக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்கள். டிங்டாங்கைப் போய்ப் பார்.

போனேன். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, பழைய சேலைத் துண்டால் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வா தங்கச்சி. எத்தன சம்மன்?”

“அத ஏண்ணே கேக்குறீங்க.”

“சொல்லாட்டி எப்படி மருந்து குடுக்கிறது?”

சொன்னேன். உச்சுக் கொட்டினார். பிறகு ஒவ்வொரு கருவியாகத் தூக்கிக் காட்டினார்.

“இந்தா, இது நல்ல புள்ள, ஆனா லேட்டு. கேமராவத் தாண்டி அரை மைல் போனப்புறம் ‘கேமரா வருது’ங்கும். இந்தக் கறுப்பு இருக்கே, சரியான பயந்தாங்கொள்ளி. டோல் சாவடியக் கண்டாலும் கத்தும், கோழிப் பண்ணையக் கண்டாலும் கத்தும். இது சீனத்துலதான் பேசும். என்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கோவமா சொல்லுது, அதனால நம்பலாம்.”

“ராடார் புடிக்கிறதுன்னு ஒன்னு இருக்காமே?”

“அது வேணாம் லா. அது கேமராவப் புடிக்கும், போலீஸ் உன்னப் புடிக்கும். நமக்கு எதுக்கு வம்பு?”

“சரிண்ணே, நான் எத வாங்குறது? ஒரு வார்த்தைல சொல்லுங்க, எனக்கு நேரமாவுது.”

“இந்த நேரமாவுது நேரமாவுதுன்னு ஓட்டித்தான் சம்மன் வாங்கியிருக்க. ஏறு காடில.”

ஏறினேன். பெரிய ரோட்டில் அவர் கார் இறங்கியதும் எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலம் சேர்ந்தது. லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். ஒரு மோட்டார்சைக்கிள்காரர் எங்களைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு போனார்.

“அண்ணே, கொஞ்சம் அழுத்துங்கண்ணே. இப்படிப் போனா கேமராவுக்கே தூக்கம் வந்துரும்.”

“நான் பரிட்ச வைக்கிறேன். பேசாம வா.”

நிஜக் கேமரா ஒன்று வந்தது. ஒரு கருவி முன்னாலேயே கத்தியது, ஒன்று தாண்டிய பிறகு கத்தியது, சீனக் கருவி திட்டியது. எது கத்தினாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது தோட்டத்து முனியாண்டி கோயில் வளைவு நெருங்கியது. சட்டென்று எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அலறின. மலாய், ஆங்கிலம், சீனம், மணி, விசில் எல்லாம் சேர்ந்துகொண்டன. டிங்டாங் அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

நான் தலையை நீட்டி நாலு பக்கமும் பார்த்தேன். கோயில் இருந்தது, எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப் இருந்தது, சுற்றிலும் செம்பனை இருந்தது. கேமராவைக் காணோம்.

“இங்க கேமராவே இல்லையே அண்ணே.”

“இருக்கு.”

“எங்க?”

கோயிலைக் காட்டினார். உள்ளே முனியாண்டி மீசையும் அரிவாளுமாக, பிதுங்கிய கண்ணோடு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு கண்ணப் பாரு. என்னிக்காச்சும் மூடிப் பாத்திருக்கியா?”

காரை ஓரங்கட்டிவிட்டுப் பிறகு சொன்னார். அவர் மனைவி அஞ்சலை அக்கா அந்த பஸ் ஸ்டாப் பக்கத்தில் தோசைக் கடை போட்டிருப்பவர். வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். தினமும் விடிந்ததும் மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டும். போன வருஷம் வளைவில் வேகமாக வந்த ஒரு கார் அக்காவைத் தட்டிவிட்டது. காலில் கம்பி வைத்து, உயிர் பிழைத்ததே பெரிய பாடு. இப்போது அக்கா நடப்பது மெதுவாகத்தான். கடையை மூடச் சொன்னால் மட்டும் காதில் விழாது.

“கடைய இந்தப் பக்கம் மாத்தச் சொல்லலாமேண்ணே.”

“சொன்னேன். பஸ்சு அந்தப் பக்கந்தான நிக்குது, நீ பஸ்ச இந்தப் பக்கம் மாத்துங்கிறா.”

வேகத்தடை மேடு போட்டுத் தாருங்கள் என்று சாலை அதிகாரிகளிடம் போய்க் கேட்டிருக்கிறார். பெரிய ரோட்டில் மேடு போட முடியாது என்று சொல்லி, பதிலுக்கு ஒரு பலகை நட்டார்கள். ‘மெதுவாகச் செல்லவும்’ என்ற அந்தப் பலகையை ஒரு லோரி மெதுவாகச் செல்லாமல் சாய்த்துவிட்டது.

“பலகைக்கு ஒருத்தனும் பயப்படலம்மா. முனியாண்டிக்கும் பயமில்ல. ஹார்னு ரெண்டு அடிச்சி, ஒரு கைய எடுத்துக் கும்பிட்டுக்கிட்டே அதே வேகத்துல போறானுங்க. இவனுங்க எதுக்குத்தான் பயப்படுவானுங்கன்னு யோசிச்சேன். ஒனக்கு நான் சொல்லணுமா?”

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான்.

இந்தக் கருவிகளிலும் செயலிகளிலும் ஓட்டுநர்களே இடத்தைக் குறித்துவிடலாம். ‘இங்கே கேமரா’ என்று அமுக்கினால், அதே செயலி வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த இடத்தில் எச்சரிக்கை அடிக்கும். அண்ணன் முதலில் ஒன்றில் அமுக்கினார். ஆனால் ஒவ்வொருத்தன் ஒவ்வொன்றல்லவா வைத்திருக்கிறான். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி, எல்லாவற்றிலும் அமுக்கினார். முனியாண்டி வளைவில் கத்தாத கருவி அவரைப் பொறுத்தவரை கருவியே இல்லை. அவருக்குத் தன் காரைப் பற்றி ஒரு பயமும் இருந்ததில்லை. மற்றவர்கள் காருக்குள் போய் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வழி தேடியிருக்கிறார் மனிதர். “அது பொய்தானேண்ணே” என்றேன்.

“பொய்தான். முனியாண்டிகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன்.”

இதில் ஒரு சிக்கல். எல்லோரும் வைத்திருக்கும் அந்த இலவசச் செயலி, வளைவைக் கடக்கிறவர்களிடம் ‘கேமரா இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்கும். இல்லை என்று நாலு பேர் அமுக்கினால் அழித்துவிடும். அதற்கும் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். கோயில் வளைவிலேயேதானே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசையில் கற்பூரம் காட்டி, திருநீறு கொடுத்து முடிந்ததும் பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, எல்லாரும் அமுக்குங்க” என்பார். தோட்டமே கைப்பேசியை எடுத்து, பயபக்தியோடு ‘இருக்கிறது’ என்று அமுக்கும். வெற்றிலை போட்ட வாயோடு கிழவிகள் அமுக்குவார்கள். பூசை அதோடுதான் முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வரவில்லை. அக்காவின் காலைக் காட்டச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அன்று பார்த்து அந்தச் செயலி தன் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. பழைய பொத்தான்களுக்குப் பதில் பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. எதை அமுக்குவது என்று கூட்டம் பூசாரியைப் பார்த்தது. பூசாரி சாமியைப் பார்த்தார். முனியாண்டிக்குக் கட்டியிருந்தது சிவப்பு வேட்டி, போட்டிருந்தது சிவப்பு மாலை. “செவப்பு” என்றார் பூசாரி. தோட்டம் முழுக்க மறுபேச்சுப் பேசாமல் சிவப்பை அமுக்கியது. சிவப்பு என்றால் இல்லை.

சாயங்காலம் அக்காவோடு திரும்பி வந்த அண்ணன், வளைவைக் கடந்ததும் காரை நிறுத்தினாராம். அந்தச் செயலி மட்டும் வாயே திறக்கவில்லை. திருப்பிக்கொண்டு போய் மறுபடி வந்தார். அப்போதும் இல்லை. இவர் ஒருவர் மட்டும் புதிதாக அமுக்கியதை அது உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. விடிந்தால் அக்கா ரோட்டைக் கடக்க வேண்டும். பூசாரி மன்னிப்புக் கேட்க வந்தபோது அண்ணன் அவரைத் திட்டக்கூட இல்லை என்பதைத்தான் பூசாரியால் தாங்க முடியவில்லை. “நாலு வார்த்த திட்டியிருந்தா சோறு எறங்கியிருக்கும்மா” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை வழக்கம்போல் தாமதமாகப் பறந்து வந்துகொண்டிருந்தேன். முனியாண்டி வளைவில் திரும்பினால், ரோட்டோரம் முக்காலி மேல் கறுப்பாக ஒரு பெட்டி. பின்னால் மழைச்சட்டை போட்ட ஓர் ஆள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மிதித்த மிதியில் என் கைப்பை சீட்டிலிருந்து கீழே விழுந்தது. எனக்கு முன்னால் போன கார்களெல்லாம் நல்ல பிள்ளைகளாக ஊர்ந்தன. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டி என்பது கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிய பிஸ்கட் டின். மழைச்சட்டைக்குள் இருந்தது டிங்டாங் அண்ணன். நான் ஓரங்கட்டி இறங்கவும், எனக்குப் பின்னால் ஒரு போலீஸ் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

இறங்கியவர் ஒரு மலாய்க் கார்ப்பரல். டின்னைச் சுற்றி வந்து பார்த்தார். “பாக் சிக், இது என்ன?” என்று, மாமா என்கிற மரியாதையோடு, மலாயில் கேட்டார்.

“பிஸ்கட் டின், துவான்” என்று பணிவாக ஐயா போட்டார் அண்ணன்.

கார்ப்பரல் பிளாஸ்டிக்கை விலக்கி மூடியைத் திறந்தார். உள்ளே முறுக்கு. அவருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த மலாயை வைத்துக்கொண்டு விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அஞ்சலை அக்கா மாவுச் சட்டியோடு ரோட்டில் இறங்கிவிட்டார். ஒரு கால் முன்னால் போகும், மற்றது யோசித்து வந்து சேரும். யார் முகத்தையும் பார்க்காமல், சட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். அண்ணன் போலீசையும் மறந்து, டின்னையும் மறந்து, வருகிற கார்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து நின்றார். விளக்க வேண்டிய எல்லாவற்றையும் கார்ப்பரல் அந்த நேரத்தில் பார்த்துவிட்டார்.

அக்கா அந்தப் பக்கம் சேர்ந்ததும் அவர் சொன்னார், “பாக் சிக், இப்படிச் செய்யக் கூடாது. இதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.” டின்னை முறுக்கோடு எடுத்து போலீஸ் காரில் வைத்தார். பிறகு நேராக ரோட்டைக் கடந்துபோய், தோசைக் கடையில் உட்கார்ந்து, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயும் தோசையும் சொன்னார். போலீஸ் கார் வளைவிலேயே நின்றது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதற்கு மறுநாளும். போகிற வருகிறவர்கள் எல்லாம் தங்கள் செயலியில் ‘இங்கே போலீஸ்’ என்று தாங்களாகவே அமுக்க ஆரம்பித்தார்கள். யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூசாரி மட்டும் பழைய கேமராவையும் விடவில்லை. இப்போது பச்சைத் துண்டு போட்டுக்கொண்டுதான் பூசை செய்கிறார், மறந்துவிடாமல் இருப்பதற்காக.

எனக்கு எந்தக் கருவி வாங்கினேன் என்று கேட்பீர்கள். அண்ணன் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைத்தான். கொஞ்சம் லேட்டு, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. ஆனால் முனியாண்டி வளைவில் தெளிவாகக் கத்தியது.

இப்போது அண்ணன் கார் ஓட்டுவதில்லை, கண் மங்கிவிட்டது. காலையில் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் வளைவில் காரை மெதுவாக்கி ஓரமாக நிறுத்தினால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே வருவார்.

“கத்துச்சா தங்கச்சி?”

“கத்துச்சுண்ணே. நல்லா கத்துச்சு.”

தலையை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போவார். என் கருவி பழுதாகி மாதக்கணக்காகிறது. அந்த வளைவில் மெதுவாகப் போக எனக்கு இப்போது எதுவும் கத்த வேண்டியதில்லை.