நடுக்கட்டத்து மக்கள்

எங்கள் வீட்டுப் பெரியவள் இருப்பிடச் சான்றிதழ் அலுவலகத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். ஒருவர் எந்த வீட்டில் குடியிருக்கிறாரோ அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று முத்திரை குத்திக் கொடுப்பது அவள் வேலை. நேராகக் குத்துவாள். மை பரவாது. இந்த ஆறு வருஷத்தில் ஒரு தாளில்கூட முத்திரை தலைகீழாக விழுந்ததில்லை என்பதைப் பெற்றவள் என்ற முறையில் சொல்லிக்கொள்கிறேன்.

அதே முத்திரையை நிரந்தரமாகக் குத்த வேண்டுமானால் வணிக மேலாண்மையில் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. தற்காலிகமாகக் குத்துவதற்குப் பட்டம் தேவையில்லையாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒரு பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பெரியவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பரீட்சை எல்லாம் முடித்தாள். மிச்சம் இருந்தது ஆய்வேடு ஒன்றுதான். அதை அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால், அவளுடைய நாற்காலிக்கு வேறு ஒருவர் வந்துவிடுவார். அவருக்குப் பட்டம் இருக்கிறது. முத்திரையில் எது மேல் பக்கம் என்று மட்டும் தெரியாது.

"சான்றிதழ் பெற வரும் பொதுமக்களின் காத்திருப்பு அனுபவமும் திருப்தி நிலையும்" என்பது தலைப்பு. முதல் மூன்று அத்தியாயங்களில் வம்பில்லை. மற்றவர்கள் எழுதியதை எல்லாம் எடுத்து எழுதினால் போதும். நாலாவது அத்தியாயம், கண்டறிந்தவை. ஐந்தாவது, விவாதம். இந்த இரண்டும்தான் எங்கள் வீட்டில் அடுப்பைக்கூட அணைக்க மறக்கும்படி செய்தன.

அவளுடைய நெறியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மேற்கோள் சார். "மழை பெய்கிறது சார்" என்றால், "யார் சொன்னது? எந்த ஆண்டு?" என்று கேட்பாராம். அவர் சொல்லிக்கொடுத்ததைப் பெரியவள் வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தாள்.

"நாலாவது அத்தியாயத்துல நான் யோசிக்கவே கூடாதாம்மா. என்ன கிடைச்சுதோ அதை மட்டும் எழுதணும். அஞ்சாவதுல கட்டாயம் யோசிக்கணும். ஆனா அது என் யோசனையா இருக்கக்கூடாது."

சின்னவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "அப்ப நீ எந்த அத்தியாயத்துலதான்க்கா இருப்பே?"

"நன்றியுரையில."

அலுவலகத்துக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் அவள் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தாள். கேள்விக்கு ஐந்து கட்டம். இடது கோடியில் மிகவும் அதிருப்தி, வலது கோடியில் மிகவும் திருப்தி, நடுவில் இரண்டும் இல்லை. நான் படிவத்தைப் பார்த்து வாசிக்க, அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எட்டாம் வகுப்பு படித்தவள் ஓர் ஆய்வுக்குச் செய்யக்கூடிய தொண்டு அவ்வளவுதான்.

"நடு... நடு... நடு..." என்று வாசித்துக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் ஜெபமாலை உருட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நூற்றுத் தொண்ணூற்று நாலு பேர் நடுக்கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒருவருடைய டிக் மட்டும் இடது கோடியில் கிளம்பி ஐந்து கட்டத்தையும் கடந்து வலது கோடியில் போய் நின்றிருந்தது.

"இவர் என்னடி, புறப்பட்டுப் போயிட்டாரு?"

"அவருக்கு முன்னாடி நின்னவர் தும்மிட்டாரும்மா."

"இவர் எழுதறதுக்கும் அவர் தும்மறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் முதுகுலதானே வச்சு எழுதினாரு. அங்க உட்கார இடம் ஏது? வரிசையில ஒருத்தர் முதுகுல ஒருத்தர் வச்சுதான் எல்லாரும் எழுதினாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதுகில் காகிதம் வைத்து எழுதும்போது நடுவில் அழுத்தினால் ஆள் அசையமாட்டார். ஓரக்கட்டத்துக்குப் போனால் பேனா விலாவில் படும். கூச்சத்தில் நெளிவார். முன்பின் தெரியாத மனிதரை எதற்கு நெளிய வைப்பானேன் என்று எல்லாரும் மரியாதையாக நடுவிலேயே டிக் அடித்திருக்கிறார்கள். நம் மக்கள் ரொம்ப நல்லவர்கள்.

அவர்கள் சொல்ல நினைத்தது வேறு இடத்தில் இருந்தது. வரிசை நகர்ந்து கவுன்டரை அடைந்தால் அங்கே நாலு விரல் அகலத்தில் ஒரு பலகை உண்டு. காகிதத்தின் ஓரம் மட்டும்தான் அதில் நிற்கும். அதனால் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். 'நாற்காலி போடுங்க.' 'ரெண்டு பெஞ்சாவது போடக்கூடாதா?' 'மூணு மணி நேரம் நிக்கிறேன். மூணாவது தடவை.' ஒரு நடுங்கும் கையெழுத்து: 'கேள்வியெல்லாம் நல்லா கேட்டிருக்கியேம்மா. கால்தான் வலிக்குது.' எண்ணிப் பார்த்தேன். நாற்காலி கேட்டவர்கள் நூற்று எண்பத்தேழு பேர். ஒருவர் மட்டும் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதி, கிழித்துக்கொள்ள மறந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"கண்ணு, விடை இங்க இருக்குடி. நாற்காலி இல்லை. இதுதானே நீ கண்டுபிடிச்சது? ஒரு வரி எழுதினா முடிஞ்சுது."

"நாலாவது அத்தியாயம் அறுபது பக்கம் வரணும்மா" என்றாள் பெரியவள்.

இருந்தாலும் என் பெண் நேர்மையானவள். நாற்காலியை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். மேற்கோள் சார் சிவப்புப் பேனாவால் சுழித்து அனுப்பினார். 'ஓரத்தில் உள்ளவை தரவு ஆகா. கட்டத்தில் உள்ளவையே தரவு.' சரி என்று அதை எடுத்து ஐந்தாவது அத்தியாயத்தில் வைத்தாள். அதற்கும் சுழி. 'நாற்காலி பற்றி முந்தைய அறிஞர் எவரும் கூறவில்லை. ஆதாரமற்றது.' அந்த அறிஞர்கள் ஆராய்ச்சி செய்த ஊர்களில் எல்லாம் நாற்காலி முதலிலேயே போட்டிருந்தார்களாம். போட்டிருக்கிற நாற்காலியைப் பற்றி யார் எழுதுவார்கள்?

இருபத்தாறாம் தேதி கடைசியாக ஒரு தடவை அவரைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் துணைக்குப் போனேன். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, "கடவுளே, எப்படியாவது இவ பாஸாகணும்" என்று ஒரே வேண்டுதல்தான். வேறு எந்த விவரமும் நான் கடவுளிடம் சொல்லவில்லை.

அவளுடைய கல்லூரித் துறையின் தாழ்வாரத்தில் எட்டு மாணவர்கள் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் கோப்புகள் அமர்ந்திருந்தன. பக்கத்தில் நின்ற கடைநிலை ஊழியரிடம் கேட்டேன்.

"ஐயா, அதைக் கொஞ்சம் கீழ வச்சா நான் உட்காரலாமா?"

"கீழ வச்சா அழுக்காயிடும்மா."

"நீங்களாவது உட்காரக்கூடாதா?"

"இருபது வருஷமா இது கூடத்தான் நிக்கிறேன். பழகிடுச்சு" என்றவர், என் கையில் ஒரு தாளைத் திணித்தார். "சும்மாதானே நிக்கிறீங்க, இதை நிரப்பிக் குடுங்க. துறைக்கு வர்றவங்க திருப்தியா இருக்காங்களான்னு மேலிடத்துல கேக்கறாங்க."

ஐந்து கட்டம். நான் என்ன செய்வேன்? பெற்ற பெண்ணின் முதுகில் வைத்து எழுதினேன். இடது கோடிக் கட்டத்தில் பேனாவை வைத்ததும், "அம்மா, கூசுது!" என்று நெளிந்தாள். நடுவில் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். அறையில் நாலு நாற்காலி. நாலிலும் பழைய ஆய்வேடுகள் இடுப்பு உயரத்துக்கு உட்கார்ந்திருந்தன.

"உட்காருங்கம்மா" என்றார் மேற்கோள் சார். நல்ல மரியாதை தெரிந்தவர். நான் நின்றுகொண்டே கும்பிட்டேன்.

பெரியவள் ஆரம்பித்தாள். "சார், அந்த நாற்காலி விஷயம்..."

"இதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நூத்தி எண்பத்தேழு பேர் சொல்லியிருக்காங்க சார்."

"அவங்க மக்கள்மா. நான் அறிஞர்களைக் கேக்கறேன்."

"அவங்களையும் கொஞ்ச நேரம் நிக்க வச்சா சொல்லிடுவாங்க சார்."

பெரியவள் என் கையைக் கிள்ளினாள். ஆனால் அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடிவிட்டு மேலே பார்த்தார்.

"நிக்க வச்சா... நிக்க வச்சா... நீங்க இவ்வளவு நேரம் நின்னீங்களே, எப்படி இருந்தீங்க? எந்தக் கட்டத்துல டிக் அடிச்சீங்க?"

"நடுவுலதான் சார். ஆனா அது எதனாலேன்னா..."

"போதும்!" மேசையைத் தட்டினார். "அங்க நின்னவங்களும் நடு. இங்க நின்னவங்களும் நடு. ஆக, நிற்பதால் மனிதன் விருப்பு வெறுப்பைக் கடந்து போறான். நின்றநிலை நடுநிலைக் கோட்பாடு! இதை எழுதும்மா ஐந்தாவது அத்தியாயத்துல."

"யார் சொன்னதுன்னு போடறது சார்?" என்றாள் பெரியவள்.

"நான் சொன்னதுன்னு."

"நீங்க எப்ப சார் சொன்னீங்க?"

"அடுத்த மாசம் கட்டுரை வரும். நீ இப்பவே மேற்கோள் காட்டலாம்."

"அப்ப அந்த அஞ்சு கட்டத்தையும் தாண்டிப் போனவர், சார்?"

"அதிருப்தியில் தொடங்கித் திருப்தியில் முடிந்த ஒரே குடிமகன். அவருக்குத் தனிப் பக்கம் கொடு."

வீட்டுக்கு வந்து பெரியவள் படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "அம்மா, அந்தக் கால் வலிக்குதுன்னு எழுதினவங்க முகம் எனக்கு ஞாபகம் இருக்கும்மா. இதை எப்படி எழுதறது?"

ஒரு தாய் அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது வேறு. "எழுதிடு கண்ணு. முதல்ல வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் நிதானமா உண்மையை எழுதிக்கலாம்."

எழுதினாள். 'நின்ற நிலையில் காத்திருத்தலானது பொதுமக்களிடையே விரும்பத்தக்கதொரு சமநிலையைத் தோற்றுவிக்கிறது.' படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் 'ஆய்வின் குறைபாடுகள்' என்று அரைப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. என்ன எழுதுவது என்று முழித்தாள். நான் சமையலறையிலிருந்து விளையாட்டாகச் சொன்னேன்.

"ஜனங்க ஓரத்துல கிறுக்கினதுதான் குறைன்னு எழுதேன். அடுத்த தடவை ஓரமே விடாம அச்சடிக்கச் சொல்லு."

சின்னவன் சிரித்தான். பெரியவள் சிரிக்கவில்லை. டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று தேர்வாளர்கள் வந்தார்கள். பக்க எண் ஏன் கீழே நடுவில் இல்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். நடுவில் போட்டுக்கொடுத்ததும் முதல் வகுப்பு கொடுத்தார்கள். வேலையும் நிரந்தரமானது. நான் கடவுளுக்கு விளக்கேற்றி நன்றி சொன்னேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி அலுவலகத்துக்கும் போயிற்று. தலைமை அதிகாரி கடைசிப் பக்கத்தைப் படித்தார். பதினைந்து நாளில் சுற்றறிக்கை வந்தது.

'நின்ற நிலையானது விரும்பத்தக்க சமநிலையைத் தோற்றுவிக்கும் என்பது நமது அலுவலக ஊழியர் ஒருவராலேயே ஆய்வின் வழி ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளபடியாலும், மேற்படி சமநிலை ஊழியர்களிடையேயும் நிலவ வேண்டியது இன்றியமையாதது என்பதாலும், கவுன்டர் நாற்காலிகள் அனைத்தும் இன்று முதல் கிடங்கில் ஒப்படைக்கப்பட வேண்டும். தலைமை அதிகாரி ஏற்கெனவே சமநிலையில் உள்ளபடியால் அவருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.'

வேலை பெரியவளுக்கு நிரந்தரமாயிற்று. நாற்காலிதான் தற்காலிகமாகப் போய்விட்டது.

போன வாரம் என் சான்றிதழைப் புதுப்பிக்கப் போனேன். நான் இதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன் என்பதற்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அத்தாட்சி வேண்டும். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. தூரத்தில் கவுன்டருக்குப் பின்னால் பெரியவள் நின்றபடியே முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். அவள் குத்திக் கொடுத்த தாளோடு ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். எட்டிப் பார்த்தேன். முத்திரை கோணலாக விழுந்திருந்தது.

யாரோ ஒரு மாணவி வந்து படிவம் கொடுத்துவிட்டுப் போனாள். அதே ஐந்து கட்டம். இந்தத் தடவை எழுதியே தீருவது என்று ஓரத்தைத் தேடினேன். ஓரம் இல்லை. நாலு பக்கமும் விளிம்பு வரைக்கும் அச்சடித்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில், 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி.'

எப்படியாவது பாஸாகணும் என்றுதான் அன்று பஸ்ஸில் நான் கேட்டிருந்தேன். கடவுள் ஓர் எழுத்து விடாமல் கேட்டு அப்படியே கொடுத்திருக்கிறார்.

முன்னால் நின்ற அம்மாவின் முதுகில் தாளை வைத்தேன். பாவம், ஒல்லியான உடம்பு. நடுவில் ஒரு டிக் அடித்தேன்.

பின்னாலிருந்த பெரியவர் மெதுவாகக் கூப்பிட்டார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் முதுகு குடுக்கறீங்களா?"

"எழுதுங்கய்யா" என்று அசையாமல் நின்றேன். பேனா ஒரே ஒரு தடவை அழுத்தியது. நடு முதுகில்.